மிளகும் மிளகாயும்: உள்நாட்டு வழங்கல் குறித்த சொல் வரலாறு

1. முன்னுரை

இந்திய நறுமணப் பொருள்களின் வரலாறு பெரும்பாலும் ஏற்றுமதியின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. முசிறியும் கள்ளிக்கோட்டையும் பெறும் இடத்தை உள்நாட்டு அடுக்களை பெறுவதில்லை. கப்பலேறிய சரக்குக்குக் கணக்கு உண்டு. உள்ளூர்ச் சந்தையில் கைமாறியதற்குக் கணக்கு அரிது. இக்குறையை ஓரளவு ஈடுசெய்யும் சான்று மொழியில் உள்ளது. காரச்சுவைப் பொருள்களின் பெயர்களைக் கொண்டு உள்நாட்டு வழங்கலில் நேர்ந்த மாற்றத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. மிளகின் இரு வழிகள்

இன்று காய்கறியையும் இறைச்சியையும் குறிக்கும் ‘கறி’ என்னும் சொல் சங்க நூல்களில் மிளகையும் குறித்தது. யவனர் கலங்கள் பொன்னைத் தந்து மிளகைப் பெற்றுச் சென்றதை அகநானூற்றின் 149ஆம் பாட்டு கூறுகிறது. இது கடல்வழி. பெரும்பாணாற்றுப்படை வேறொரு வழியைக் காட்டுகிறது. மிளகுப் பொதி சுமந்த கழுதைச் சாத்து, சுங்கம் கொள்ளும் பெருவழியில் செல்வதை அந்நூல் விவரிக்கிறது. அங்கு மிளகைக் குறிக்கும் சொல் ‘மிரியல்’ என்பதாகும். தெலுங்கின் ‘மிரியாலு’ இதனோடு ஒப்பிடத்தக்கது. காவிரிப்பூம்பட்டினத்தில் மிளகு மூடைகள் குவிந்திருந்ததைப் பட்டினப்பாலை கூறுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் விளைந்த மிளகு அயல்நாட்டுக்குச் சென்றதோடு கீழைக் கடற்கரைக்கும் வந்தது என்பது இவற்றால் புலனாகிறது.

3. புதுவரவு

மிளகாயின் தாயகம் அமெரிக்கக் கண்டம். போர்த்துகீசியர் 1498இல் கள்ளிக்கோட்டைக்கு வந்து, 1510இல் கோவாவைக் கைப்பற்றிய பின்னர் அவர்கள் வழியாக அது இந்தியாவில் பரவியது எனக் கருதப்படுகிறது. மிளகுக் கொடிக்கு மிகுந்த மழையும், படர மரமும், காய்க்கச் சில ஆண்டுகளும் வேண்டும். மிளகாய்ச் செடியோ சமவெளியில் ஒரு பருவத்திலேயே பலன் தருவது. வீட்டுக் கொல்லையிலும் வளர்வது. வத்தலாக உலர்த்தி ஆண்டு முழுவதும் வைத்துக்கொள்ளலாம். மலைச்சரக்கை விலை கொடுத்து வாங்க இயலாத குடும்பத்துக்கும் காரம் கைக்கெட்டியது இதனாலேயாகும்.

4. பெயர் தரும் சான்று

புதிய பொருளுக்குப் பழைய பொருளின் பெயரையே நீட்டி வழங்குவது மொழிகளின் இயல்பு. தமிழில் ‘மிளகாய்’, கன்னடத்தில் ‘மெணசினகாயி’, தெலுங்கில் ‘மிரபகாய’ ஆகிய மூன்றும் மிளகின் பெயரோடு ‘காய்’ சேர்ந்து அமைந்தவை. இம்மொழிகளில் மிளகு தன் பெயரை இழக்கவில்லை.

மலையாளத்தின் நிலை வேறு. அங்கு அடையின்றி ‘முளகு’ என்றால் இன்று மிளகாயையே பொதுவாகக் குறிக்கும். மிளகைச் சுட்டக் ‘குருமுளகு’ என்றோ ‘நல்லமுளகு’ என்றோ அடை சேர்க்க வேண்டும். இந்தியிலும் ‘மிர்ச்’ மிளகாயாகி, மிளகு ‘காலி மிர்ச்’ ஆயிற்று. டச்சு ஆளுநர் வான் ரீடின் முயற்சியால் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் வெளியான ‘ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்’ நூல் மிளகாயைக் ‘காப்போ மொளகோ’ எனக் குறிக்கிறது. இதனைக் ‘கப்பல் முளகு’ என்பதன் எழுத்துத் திரிபாகக் கொள்ளலாம். அவ்வாறாயின் 17ஆம் நூற்றாண்டில் அடை பெற்று நின்றது மிளகாய். இன்று அடை பெற்று நிற்பது மிளகு.

மிளகின் பிறப்பிடத்திலேயே இது நிகழ்ந்தமை நோக்கத்தக்கது. திருவிதாங்கூரில் மார்த்தாண்ட வர்மா மிளகு வணிகத்தை அரசின் தனியுரிமையாக்கினார். 1753இல் டச்சுக் கம்பெனியோடு ஏற்பட்ட மாவேலிக்கரை உடன்படிக்கை அக்கம்பெனிக்கு மிளகு வழங்குவதற்கு வகை செய்தது. பண்டகசாலைக்குச் சென்ற சரக்கு மிளகாகவும், அன்றாடம் அம்மியில் அரைபட்டது மிளகாயாகவும் இருந்த சூழலில், அடையற்ற பெயர் அன்றாடப் பொருளுக்கு உரியதாயிற்று எனக் கருத இடமுண்டு. அடிக்கடி வழங்கும் பொருள் அடையின்றி நிற்பதும், அருகி வழங்குவது அடை பெறுவதும் மொழியியலார் அறிந்த பொது நெறியே.

5. அண்மைக் காலம்

1987இல் நறுமணப் பொருள்கள் வாரியம் அமைக்கப்பட்டது. இன்று குண்டூரும் பியாடகியும் இராமநாதபுரமும் மிளகாயால் பெயர் பெற்றுள்ளன. நாட்டின் மிளகாய் விளைச்சல் மிளகின் விளைச்சலைவிடப் பன்மடங்கு மிகுதி. மிளகோ வெளியிலிருந்தும் வருகிறது. 2000இல் நடைமுறைக்கு வந்த இந்திய-இலங்கைத் தடையில்லா வணிக உடன்பாட்டுக்குப் பின் இறக்குமதி மிளகு உள்நாட்டு விவசாயிகளின் கவலையாயிற்று. 2017 டிசம்பரில் இந்திய அரசு கிலோவுக்கு 500 ரூபாய் என இறக்குமதிக்குக் குறைந்த அளவு விலை விதித்தது. ஒருகாலத்தில் உலகுக்கு மிளகு அளித்த நாடு, தன் சந்தைக்கு வரும் மிளகைத் தடுக்க வேண்டிய நிலைக்கு வந்தது.

பெருங்காயம் இதற்கு மறுதலையான சான்று. பெயர் தமிழ், பொருள் ஆப்கானிஸ்தான், ஈரான் போன்ற நாடுகளிலிருந்து வருவது. அதனை உள்நாட்டில் பயிரிடும் முயற்சியாக 2020 அக்டோபரில் இமாசலப் பிரதேசத்தின் லாகௌல் பள்ளத்தாக்கில் நாற்று நடப்பட்டது.

6. முடிவுரை

ஒரு பொருளின் பெயர் அதன் பிறப்பிடத்தைக் காட்டும் என்பது உறுதியன்று. அது மக்களிடையே எவ்வளவு புழங்கியது என்பதைக் காட்டக்கூடும். ஏற்றுமதிக் கணக்கு நாட்டின் வருவாயைக் கூறும். குடிமக்களின் உணவில் எது சேர்ந்தது என்பதைக் கூறாது. அதனை அறிய விழையும் பொருளியல் வரலாற்றாசிரியர் வட்டார வழக்குச் சொற்களையும் ஆவணமாகக் கொள்ளுதல் வேண்டும். மலையாளத்து முளகு அத்தகைய ஆவணங்களுள் ஒன்று.