‘தந்தை’ என்கிற ஒரு சொல்

எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. குடும்பத்தின் பத்திரங்கள் எல்லாம் அதற்குள்தான். பாட்டியின் சிவப்பு அடையாள அட்டை, அம்மாவின் பிறப்புப் பத்திரம், எங்கள் மூவருடைய பிறப்புப் பத்திரங்கள். அண்மையில் சேர்ந்தவை இரண்டு கடப்பிதழ்களின் நகல்கள். ஒன்று மலேசியாவுடையது, மற்றொன்று இந்தியாவுடையது. இரண்டும் பாட்டியின் கொள்ளுப்பேரப் பிள்ளைகளுடையவை.

அண்ணன் மெல்பர்னில் வேலை பார்க்கிறார். 2020இல் அவருக்கு அங்கே மகன் பிறந்தான். தூதரகத்தில் பதிவு செய்தார். பையன் மலேசியக் குடிமகன். அக்கா பெங்களூருவில் வேலை செய்தபோது கோயம்புத்தூர்க்காரரைத் திருமணம் செய்துகொண்டாள். 2018இல் கோயம்புத்தூரில் மகள் பிறந்தாள். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது அக்கா குழந்தையோடு பேராவுக்குத் திரும்பி வந்துவிட்டாள். அந்தக் குழந்தை இங்கே வெளிநாட்டவர். வீட்டில் தமிழும் பக்கத்து வீட்டில் மலாயும் பேசுகிறாள். ஒவ்வொரு முறையும் ‘பாஸ்’ முடியும் தேதியைச் சமையலறை நாட்காட்டியில் அக்கா சிவப்பு மையில் வட்டமிட்டு வைக்கிறாள்.

அண்ணனும் அக்காவும் ஒரே மருத்துவமனையில் பிறந்தவர்கள். ஒரே தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள். அண்ணனால் கொடுக்க முடிந்ததை அக்காவால் ஏன் கொடுக்க முடியவில்லை? இந்தக் கேள்வியோடுதான் நான் அரசமைப்புச் சட்டத்தை முதன்முறையாகத் திறந்து பார்த்தேன். நான் சட்டம் படித்தவன் இல்லை, பொறியாளன். ஒரு இயந்திரம் பழுதானால் எந்தப் பாகம், எப்போது, யாரால் பொருத்தப்பட்டது என்று தேடுவது என் வேலை. இதையும் அப்படித்தான் தேடினேன்.

பழுது ஒரே சொல்லில் இருந்தது. கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, இரண்டாம் பகுதி. வெளிநாட்டில் பிறக்கும் குழந்தையின் ‘தந்தை’ பிறப்பின்போது குடிமகனாகவும் இந்நாட்டில் பிறந்தவராகவும் இருந்தால், குழந்தை சட்டத்தின் இயல்பிலேயே குடிமகன். தந்தை இந்நாட்டில் பிறக்காத குடிமகனாக இருந்தாலும், ஓராண்டுக்குள் தூதரகத்தில் பதிந்துவிடலாம். தாயைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை இல்லை.

சட்டம் எழுதியவர்களுக்கு வேறு மாதிரி எழுதத் தெரியாமல் இல்லை. அதே பக்கத்தில், நாட்டுக்குள் பிறக்கும் குழந்தையைப் பற்றிச் சொல்லும்போது ‘பெற்றோரில் ஒருவராவது’ என்று எழுதியிருக்கிறார்கள். சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தைக்கும் ‘பெற்றோரில் ஒருவராவது’தான். மற்ற நாடுகளில் பிறக்கும் குழந்தைக்கு மட்டும் ‘தந்தை’. அக்கா பிரசவத்துக்குக் கோயம்புத்தூருக்குப் பதிலாக சிங்கப்பூருக்குப் போயிருந்தால் கதையே வேறு. இதை நான் அவளிடம் சொன்னபோது, “இத மொதல்லயே சொல்லியிருந்தா ஜொகூர் பாலத்தத் தாண்டி வலி எடுத்திருப்பேன்டா” என்றாள். சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு இருவரும் பேசவில்லை.

இந்த ‘தந்தை’ எங்கிருந்து வந்தார்? பிரிட்டனின் 1914ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தில் மனைவிக்குத் தனிக் குடியுரிமையே கிடையாது. கணவன் பிரிட்டிஷ் பிரஜை என்றால் அவளும் பிரஜை. கணவன் அந்நியன் என்றால் அவளும் அந்நியள். 1948ஆம் ஆண்டுச் சட்டம் பெண்ணுக்கு அவளுடைய குடியுரிமையைத் திருப்பிக் கொடுத்தது. ஆனால், வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்கு அதைக் கடத்தும் உரிமையைத் தந்தையிடமே விட்டுவைத்தது. பேரரசிலிருந்து பிரிந்த நாடுகள் தங்கள் சட்டங்களை எழுத உட்கார்ந்தபோது மேசையில் இருந்த மாதிரி அதுதான்.

மலாயாவின் கதையில் இன்னொரு அடுக்கு உண்டு. 1946இல் வந்த மலாயன் யூனியன் திட்டம் இங்கே பிறந்தவர்களுக்குத் தாராளமான குடியுரிமையை முன்வைத்தது. மலாய்க்காரர்களின் எதிர்ப்பில் அத்திட்டம் சரிந்தது. அதன் குடியுரிமைப் பகுதி நடைமுறைக்கு வரவே இல்லை. மாற்று அரசமைப்பைக் கேட்டு இடதுசாரிகளும் மற்ற இயக்கங்களும் கூடி 1947 அக்டோபர் 20இல் நாடு தழுவிய ஹர்த்தால் நடத்தினார்கள். பிரிட்டிஷார் அசையவில்லை. 1948 பிப்ரவரி 1இல் மலாயாக் கூட்டரசு உடன்படிக்கை அமலுக்கு வந்தது. அதன்படி, சுல்தானின் பிரஜையாகவோ பினாங்கு, மலாக்காவைச் சேர்ந்தவராகவோ இல்லாத ஒரு பிரிட்டிஷ் பிரஜை மலாயாவில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. அவருடைய தந்தையும் இங்கே பிறந்திருக்க வேண்டும். அல்லது தொடர்ந்து 15 ஆண்டுகள் இங்கே வசித்திருக்க வேண்டும்.

மறுபடியும் தந்தை. தோட்டத்துத் தமிழர்களில் எத்தனை பேருடைய தந்தை 15 ஆண்டுகள் தொடர்ந்து இங்கே இருந்ததற்குக் காகிதம் வைத்திருந்தார்? அவர் கங்காணியோடு வந்தார், விலை சரிந்தபோது கப்பலேற்றி அனுப்பப்பட்டார், பிறகு மறுபடியும் வந்தார். சிலர் சயாம் மரண ரயில் பாதையில் மாண்டே போனார்கள். அதே 1948இல் இலங்கையும் ஒரு குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தது. அங்கேயும் தந்தை, தந்தைவழிப் பாட்டன், பூட்டன் ஆகியோரின் பிறப்பைத்தான் கேட்டார்கள். மலையகத் தோட்டத் தமிழர்கள் பெருந்திரளாக நாடற்றவர்களானார்கள். தந்தையின் காகிதத்தைக் கேட்பது வெறும் ஆண்–பெண் விவகாரம் மட்டும் அல்ல என்பதை இந்த இரண்டு சட்டங்களும் எனக்குச் சொல்லிக்கொடுத்தன. யாரிடம் அந்தக் காகிதம் இருக்காது என்று தெரிந்தே கேட்கும்போது, அது ஒரு கூட்டத்தையே வாசலில் நிறுத்திவைக்கும் வழியாகிவிடுகிறது.

ரீட் ஆணையத்தின் பரிந்துரைகளுக்குப் பிறகு வந்த 1957ஆம் ஆண்டு அரசமைப்பு ஒரு பெரிய கதவைத் திறந்தது. மெர்டேக்கா நாளிலும் அதற்குப் பிறகும் இந்த மண்ணில் பிறக்கும் எல்லோரும் குடிமக்கள். அந்தக் கதவு ஐந்தாண்டுகள்தான் திறந்திருந்தது. 1962ஆம் ஆண்டுத் திருத்தம், பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது. ஏற்கெனவே இங்கிருந்தவர்களுக்கு விண்ணப்பித்துக் குடியுரிமை பெறும் வழியும் இருந்தது. பாட்டியைக் கேட்டேன், ஏன் நீங்க எடுக்கல?

“கிராணி பாரம் கொண்டாந்தாரு. ஒங்க தாத்தாதான் வேணாம்னுட்டாரு. இன்னும் ரெண்டு வருசத்துல ஊருக்குப் போயிருவோம், இதெல்லாம் எதுக்குன்னாரு. நான் என்னாத்த சொல்றது?”

தாத்தா ஊருக்குப் போகவில்லை. சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்துத் தோட்டத்திலேயே இறந்தார். பாட்டி கடைசிவரை சிவப்பு அட்டைதான். வாழ்நாளெல்லாம் பால்மரம் சீவிய நாட்டில் ஒருமுறைகூட வாக்களிக்கவில்லை. அந்த ஒரு வீட்டில், அந்த ஒரு மாலையில், தந்தை என்பவர் எல்லோருக்குமாக முடிவெடுத்தார். சட்டம் நம்பிய குடும்பமும் அதுதான்.

ஆனால் அம்மா 1964இல் பிறந்தபோது அவருக்குக் குடியுரிமை கிடைத்தது. காரணம், ‘நிரந்தரவாசி’ என்கிற அந்தச் சொல். பாட்டியின் சிவப்பு அட்டையின் வழியாகத்தான் அம்மா நீல அட்டைக்காரர் ஆனார். நானும் அந்தச் சொல்லின் பேரன்தான்.

இதற்கிடையே, அந்தப் பழைய மாதிரியை வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக மாற்றிக்கொண்டார்கள். 1983இல் அமலுக்கு வந்த சட்டத்தின் வழி பிரிட்டன் தாய்க்கும் உரிமை தந்தது. 1992இல் இந்தியா தந்தது. 2004இல் சிங்கப்பூர் தந்தது. மலேசியா 1995இல் பெண்களுக்கெதிரான பாகுபாடுகளை ஒழிக்கும் ஐ.நா. உடன்பாட்டில் இணைந்தது. ஆனால், பிள்ளைகளின் குடியுரிமையில் பெண்ணுக்குச் சம உரிமை தரும் 9(2)ஆம் விதியை ஏற்கமாட்டோம் என்று ஒதுக்கி வைத்துக்கொண்டது. 2001இல் அரசமைப்பின் 8(2)ஆம் பிரிவில் ‘பாலினம்’ என்கிற சொல் சேர்க்கப்பட்டது. பாலினத்தின் பெயரால் பாகுபாடு கூடாது. ஆனால் இரண்டாம் அட்டவணையில் தந்தை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

2020 டிசம்பரில் ஃபேமிலி ஃபிரான்டியர்ஸ் அமைப்பின் தலைவர் சூரியானி கெம்பேயும் ஆறு தாய்மார்களும் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2021 செப்டம்பர் 9இல் உயர்நீதிமன்ற நீதிபதி அக்தார் தாஹிர், ‘தந்தை’ என்பதைத் தாயையும் உள்ளடக்கியதாக வாசிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார். அக்கா அன்று இரவு முழுக்கத் தூங்கவில்லை. 2022 ஆகஸ்ட் 5இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை 2–1 என்ற கணக்கில் புரட்டியது. தந்தை என்றால் தந்தைதான். அதை மாற்றி எழுதுவது நாடாளுமன்றத்தின் வேலை என்பது பெரும்பான்மையின் நிலை. நீதிபதி எஸ். நந்தபாலன் மட்டும் மாறுபட்டுத் தாய்மார்களின் பக்கம் நின்றார்.

இதில் ஒரு முரணைச் சொல்லியாக வேண்டும். திருமணத்துக்கு வெளியே பிறக்கும் குழந்தைக்கு, இதே அட்டவணையின் 17ஆம் பிரிவு ‘தந்தை’ என்ற இடத்தில் ‘தாய்’ என்று வாசிக்கச் சொல்கிறது. 2021 மே மாதத்தில் கூட்டரசு நீதிமன்றம் அதை வைத்தே 4–3 என்ற கணக்கில் ஒரு சிறுவனின் கோரிக்கையைத் தள்ளியது. மலேசியத் தந்தைக்கும் பிலிப்பீன்ஸ் தாய்க்கும் அவர்களது திருமணத்துக்கு முன்பே பிறந்தவன் அவன். ஆக, மணமான மலேசியப் பெண்ணின் பிள்ளை தந்தையைப் பார்க்க வேண்டும். மணமாகாத மலேசிய ஆணின் பிள்ளை தாயைப் பார்க்க வேண்டும். எழுத்துப்படி பார்த்தால் அக்கா செய்த ஒரே தவறு, தாலி கட்டிக்கொண்டது.

2024 அக்டோபர் 17இல் மக்களவை மூன்றில் இரண்டு பங்குக்கு மேலான ஆதரவோடு அரசமைப்பைத் திருத்தியது. டிசம்பரில் மேலவையும் ஒப்புக்கொண்டது. ‘தந்தை’ போய் ‘பெற்றோரில் ஒருவராவது’ வந்தது. அன்று நான் அக்காவுக்குத் தொலைபேசியில் அழைத்து “பாத்தியா!” என்று கத்தினேன். அவள் அதற்குள் படித்து முடித்திருந்தாள். “புதுசா பொறக்கப் போற பிள்ளைங்களுக்குத்தான்டா. பாப்பா பொறந்து ஆறு வருசமாச்சு.”

திருத்தம் பின்னோக்கிச் செல்லாது. ஏற்கெனவே பிறந்த குழந்தைகள் பழையபடி 15(2)ஆம் பிரிவில் விண்ணப்பிக்க வேண்டும். கொடுப்பதும் மறுப்பதும் அரசாங்கத்தின் விருப்பம். அந்த முடிவை எந்த நீதிமன்றமும் மறு ஆய்வு செய்ய முடியாது என்று மூன்றாம் பகுதியில் எழுதியிருக்கிறது. விண்ணப்பிக்கும் வயது வரம்பும் 21இலிருந்து 18ஆகக் குறைக்கப்பட்டது.

அதே திருத்தத்தில் இன்னொரு வரி இருந்தது. செய்தித்தாள்கள் தாய்மார்களின் வெற்றியைத் தலைப்பாக்கிய நாளில் அதைக் கவனித்தவர்கள் குறைவு. நாட்டுக்குள் பிறக்கும் குழந்தைக்கான விதியிலிருந்து ‘நிரந்தரவாசி’ என்ற சொல் நீக்கப்பட்டது. இனிமேல் சிவப்பு அட்டைக்காரர்களுக்கு இங்கே பிறக்கும் பிள்ளை சட்டத்தின் இயல்பில் குடிமகன் ஆகாது. அந்த வரி 1964இல் இருந்திருந்தால் அம்மா யார்? அப்பா குடிமகன் என்பதால் நாங்கள் தப்பித்திருப்போம். மறுபடியும், அப்பா.

ஒரு கதவைத் திறந்த அதே கை பக்கத்துக் கதவைச் சாத்தியிருக்கிறது. அக்காவுக்காக நான் கைதட்டிய திருத்தத்தைப் பாட்டிக்காக எதிர்க்க வேண்டியிருக்கிறது. இந்த நாட்டின் குடியுரிமை வரலாறு முழுக்க இப்படித்தான் பேரம் பேசி நகர்ந்திருக்கிறது. 1948, 1957, 1962, 2024 என்று ஒவ்வொரு முறையும் யாரோ உள்ளே வந்தார்கள், யாரோ வெளியே நின்றார்கள். வெளியே நின்றவர்களுக்கு, தங்களைப் பற்றித்தான் பேச்சு நடக்கிறது என்பதே பெரும்பாலும் தெரிந்திருக்கவில்லை. பாட்டிக்குத் தெரியவில்லை. பால்கனியில் கோலி விளையாடும் பாப்பாவுக்கும் தெரியாது.

பாப்பாவின் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டோம். இணைக்க வேண்டிய பத்திரங்களை எடுக்கப் பிஸ்கட் டின்னைத் திறந்தபோது அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பாட்டியின் சிவப்பு அட்டையைக் கையில் எடுத்து, “மாமா, இது என்னோடதா?” என்றாள்.

இல்லை, பாட்டியோடது என்றேன். அதை வாங்கி நகல் எடுக்கும் அடுக்கில் வைத்தேன். யாரும் கேட்கவில்லைதான். இருந்தாலும் விண்ணப்பத்தோடு அதையும் சேர்த்துக் கொடுத்தோம்.