ஐபிஎம் செஞ்ச ரத்த மெஷின்

இன்னைக்கு ஒரு மெஷினோட கதை.

போன வருஷம் எங்க டீம்ல ஒருத்தரோட அப்பாவுக்கு மல்டிபிள் மைலோமான்னு கண்டுபிடிச்சாங்க. எலும்பு மஜ்ஜையில இருக்கிற பிளாஸ்மா செல்கள் புற்றாகிப் பெருகுற நோய். டிரான்ஸ்பிளான்ட்டுக்கு முன்னாடி அவரோட ரத்தத்துல இருந்தே ஸ்டெம் செல் எடுத்தாங்க. நான் துணைக்குப் போயிருந்தேன். ஒரு ட்யூப்ல ரத்தம் மெஷினுக்குள்ள போகுது, இன்னொண்ணுல திரும்பி வருது. அப்படியே நாலஞ்சு மணி நேரம். நடுவுல "தம்பி, உதடு மரத்துப் போற மாதிரி இருக்கு"ன்னார். ரத்தம் உறையாம இருக்கச் சேர்க்கிற சிட்ரேட், கால்சியத்தைப் பிடிச்சு வச்சுக்கும். நர்ஸ் கால்சியம் கொடுத்ததும் சரியாச்சு.

அந்த மெஷினோட பூர்வீகத்தைத் தேடிப் போனா, அது கொண்டுபோய் விட்ட இடம் ஐபிஎம். ஆமா, கம்ப்யூட்டர் கம்பெனி ஐபிஎம்தான்.

1962. ஜார்ஜ் ஜட்சன்னு ஒரு ஐபிஎம் இன்ஜினியர். அவரோட 17 வயசு மகனுக்கு லுக்கேமியா, அதாவது ரத்தப் புற்றுநோய். அமெரிக்காவுல பெதஸ்டாவுல இருக்கிற தேசியப் புற்றுநோய் நிறுவனத்துல டாக்டர் எமில் ஃப்ரைரைக்கைச் சந்திக்கிறார். ஃப்ரைரைக்குக்கு அப்போ ஒரு பெரிய தலைவலி. லுக்கேமியா நோயாளிகள் பல பேர் தொற்று வந்தே இறந்துபோறாங்க. எதிர்த்து நிக்க வேண்டிய வெள்ளை அணுக்கள் அவங்ககிட்ட இல்லை. வேற யார்கிட்டயாவது எடுத்துக் கொடுக்கலாம். ஆனா ரத்தத்தைப் பையில எடுத்து, சுழற்றிப் பிரிச்சு, மீதியைத் திரும்ப ஏத்தி, மறுபடியும் அடுத்த பை எடுக்கணும்.

நம்ம பாஷையில சொன்னா, அது பேட்ச் பிராசஸிங். ஜட்சன் கேட்டது ஸ்ட்ரீமிங். ரத்தம் ஓடிக்கிட்டே இருக்கும்போதே ஏன் பிரிக்கக் கூடாது? லீவு எடுத்துட்டு அங்கேயே போய் வேலை செஞ்சார். பிறகு ஐபிஎம்மும் கூட நின்னுச்சு. 1965-லேயே ஓடுற மெஷின் தயார்.

தத்துவம் சிம்பிள். ரத்தத்தை வேகமா சுழற்றினா கனமான சிவப்பணு வெளிப்பக்கம் ஒதுங்கும், லேசான பிளாஸ்மா உள்பக்கம் நிக்கும். நடுவுல பால் ஏடு மாதிரி மெல்லிசா ஒரு படலம். வெள்ளை அணுக்கள் அதுலதான் இருக்கும். அதை மட்டும் உறிஞ்சிட்டு, மத்ததைத் திருப்பி அனுப்பணும்.

கஷ்டம் வேற இடத்துல. பாத்திரம் சுத்துது, ஆள் சுத்தலை. ரெண்டையும் இணைக்கிற ட்யூப் முறுக்கிக்காதா? ஜட்சன் குழு சுழலும் சீல் ஒண்ணு வச்சு சமாளிச்சாங்க. 1975-ல் யோயிச்சிரோ இட்டோவும் அவரோட சகாக்களும் சீலே இல்லாத ஒரு வடிவத்தைக் காட்டினாங்க. ட்யூபை வளைச்சு, பாத்திரத்தோட பாதி வேகத்துல சுத்த விட்டா முறுக்கு சேராது. பின்னாடி வந்த பல மெஷின்கள் இந்த வழியைத்தான் எடுத்துக்கிச்சு.

இதுல எங்கேயுமே மைலோமா இல்லை, கவனிச்சீங்களா? ஸ்டெம் செல்லுக்காக யாரும் இதைச் செய்யலை. ஆனா அதே 1962-ல், எலிகளோட ரத்தத்துல ஸ்டெம் செல் ஓடுதுன்னு குட்மேன், ஹாட்ஜ்சன்னு ரெண்டு பேர் எழுதினாங்க. ரெண்டு கதையும் ஒண்ணு சேர இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு.

1983-ல் லண்டன் பக்கத்துல மெக்எல்வெயினும் பவுல்ஸும் மைலோமாவுக்கு மெல்ஃபலான் மருந்தை அதிக டோஸ்ல கொடுத்துப் பார்த்தாங்க. புற்று சுருங்குச்சு. கூடவே மஜ்ஜையும் அடி வாங்குச்சு. முன்னாடியே நோயாளியோட ஸ்டெம் செல்லை எடுத்து உறைய வச்சுட்டா? மருந்து முடிஞ்சதும் அதைத் திருப்பி ஏத்தினா மஜ்ஜை மறுபடி எழுந்துக்கும். கிட்டத்தட்ட ஒரு பேக்கப். புற்றை அழிக்கிறது மருந்து, ஆளைக் காப்பாத்துறது ஸ்டெம் செல். 1996-ல் வெளியான பிரெஞ்சு ஆய்வுல 200 பேர். டிரான்ஸ்பிளான்ட் பிரிவுல 5 வருஷம் கழிச்சு உயிரோட இருந்தவங்க 52 சதவீதம்னு கணக்கிட்டாங்க, வழக்கமான கீமோ பிரிவுல 12 சதவீதம்.

அந்த ஆய்வுல ஸ்டெம் செல் எடுத்தது மஜ்ஜையில இருந்து. அதுக்கு மயக்க மருந்து கொடுத்து, இடுப்பு எலும்புல திரும்பத் திரும்ப ஊசி குத்தணும். ரத்தத்துல இருந்தே எடுக்கலாமேன்னா, சாதாரணமா அங்க ஸ்டெம் செல் ரொம்பக் கம்மி. அங்கதான் ஜி-சிஎஸ்எஃப் ஊசி கை கொடுத்துச்சு. 1991-ல் அமெரிக்காவுல அனுமதி கிடைச்சது வெள்ளை அணுவைக் கூட்டத்தான். ஆனா அது ஸ்டெம் செல்களையும் மஜ்ஜையில இருந்து ரத்தத்துக்குக் கிளப்பி விடும். அதுக்கும் மசியாதவங்களுக்கு 2008-ல் பிளெரிக்ஸாஃபோர் வந்துச்சு. அதுவும் முதல்ல எச்ஐவிக்காக ஆராய்ஞ்ச மருந்துதான்!

குறைஞ்சபட்ச டார்கெட், உடல் எடையில ஒரு கிலோவுக்கு 20 லட்சம் ஸ்டெம் செல். அன்னைக்கு சாயங்காலம் ரிசல்ட்டுக்காக நாங்க காரிடார்ல உட்கார்ந்திருந்தோம். எண்ணிக்கை போதும்னு சொன்னதும் என் ஃப்ரெண்ட் ஒண்ணும் பேசலை, கீழ போய் மூணு காபி வாங்கிட்டு வந்தான்.

டிரான்ஸ்பிளான்ட் மைலோமாவை அடியோட ஒழிச்சுடும்னு சொல்ல முடியாது, பெரும்பாலும் நோய் திரும்ப வரும். ஆனா அது வருஷங்களை வாங்கித் தரும். மகனுக்காக டாக்டர்கிட்ட போன ஒரு அப்பா ஆரம்பிச்சது, இப்போ ஒரு மகனுக்கு அவனோட அப்பாகூட இன்னும் கொஞ்ச காலம் கொடுத்திருக்கு.