அப்பா விட்டுட்டுப் போன ஆடியோ செட்... எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

எண்பதுகள்ல பனியன் எக்ஸ்போர்ட் சூடுபிடிச்ச காலத்துல, ஆர்டர் விஷயமா வெளிநாடு போயிட்டு வந்த அப்பாவோ, தாத்தாவோ ஆசையா வாங்கிட்டு வந்த ஆம்ப்ளிஃபயர், டர்ன்டேபிள், ஸ்பீக்கர் உங்க வீட்டு மாடி ரூம்லயும் இருக்கலாம். அவருக்கு அப்புறம் அதைத் தொட ஆள் இல்லை. வீட்டைக் காலி பண்ற அன்னிக்கு, பழைய இரும்புக்கடைக்காரர் தராசோட வந்து நிப்பார்.

கொஞ்சம் பொறுங்க. காதர்பேட்டையில பனியனைத் தொட்டுப் பார்த்தே ஃப்ரெஷ் பீஸா, செகண்ட்ஸானு சொல்ற ஊர் நம்ம ஊர். அதே கண்ணு இங்கேயும் வேணும்.

ஞாபகத்துக்கு விலை கிடையாது

எடைக்குப் போடுறது ஒரு தப்புனா, பாசத்தை வெச்சு விலை சொல்றது இன்னொரு தப்பு. அமெரிக்காவின் வர்ஜீனியாவைச் சேர்ந்த கென் ஃப்ரிட்ஸ், 27 வருஷம் உழைச்சு வீட்டிலேயே ஓர் இசை அறையைக் கட்டினார். அதோட மதிப்பு 10 லட்சம் டாலர்னு அவர் கணக்கு. 2022-ல் அவர் இறந்த பிறகு ஏலத்துல கிடைச்சது சுமார் 1.57 லட்சம் டாலர்தான். ஆறில் ஒரு பங்குகூட இல்லை! நாம ஆசையா செஞ்சதுக்கு சந்தை தனியா காசு தராது. பிராண்டும் மாடலும் தெரிஞ்ச, தூக்கிட்டுப் போக முடிஞ்ச பொருளுக்குத்தான் கிராக்கி. 1972-ல் வந்த டெக்னிக்ஸ் எஸ்.எல்-1200 டர்ன்டேபிளை இன்னிக்கும் தேடி வாங்குறாங்க.

முதல்ல பின்பக்கம் பாருங்க

மாடல் நம்பர், சீரியல் நம்பர், வோல்டேஜ் மூணையும் போட்டோ எடுங்க. ஜப்பான் உள்ளூர் சந்தைக்காகச் செஞ்ச செட் 100 வோல்ட், அமெரிக்க செட் 120 வோல்ட். நம்ம 230 வோல்ட் லைன்ல நேரா சொருகினா புகைதான் வரும்.

வோல்டேஜ் சரியா இருந்தாலும், வருஷக்கணக்கா தூங்கின செட்டை உடனே ஆன் பண்ணாதீங்க. உள்ளே இருக்குற கெபாசிட்டர் காய்ஞ்சு போயிருக்கும். அனுபவமுள்ள ஆடியோ மெக்கானிக், சீரிஸ் பல்ப் போட்டு டெஸ்ட் பண்ணுவார். வால்வ் ஆம்ப்னா நீங்க திறக்கவே வேண்டாம். உள்ளே உயிரைப் பறிக்கிற அளவு வோல்டேஜ் இருக்கும். ஸ்பீக்கர் கோனைச் சுத்தியிருக்குற ஃபோம் பொடிஞ்சிருந்தா, 'ஸ்பீக்கரே போச்சு'னு சொல்றவரை நம்பாதீங்க. ஃபோமை மட்டும் மாத்த முடியும்.

விலை எப்படிப் போடுறது?

- ஆன்லைன்ல 'கேக்குற விலை'யைப் பார்க்காதீங்க. இ-பே மாதிரி தளங்கள்ல 'வித்து முடிஞ்ச விலை'யைத் தனியா பார்க்கலாம். அதுதான் நிஜம்.
- மொத்தமா கொடுக்குறதைவிட, தனித்தனியா வித்தா பெரும்பாலும் கூடுதல் தொகை வரும்.
- பழைய பில், மேனுவல், ரிமோட், அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடாதீங்க.
- பாடுற வீடியோ ஒண்ணு எடுத்துப் போடுங்க. குறை இருந்தா மறைக்காம சொல்லுங்க.

பார்சல்ல அனுப்புறீங்களா?

பார்ட்டி கோவை, ஈரோடுன்னா நேர்ல வந்து கேட்டுப் பார்த்துட்டு எடுத்துட்டுப் போகச் சொல்றதே நல்லது. அனுப்பியே ஆகணும்னா, டர்ன்டேபிள் தட்டையும் டோன் ஆர்ம் வெயிட்டையும் கழட்டித் தனியா சுத்துங்க. ஆர்மை அசையாம கட்டுங்க. ஊசிக்கு மூடி போடுங்க. பனியன் வேஸ்ட்டுக்கு நம்ம ஊர்ல பஞ்சமா என்ன? பெட்டிக்குள்ள இடைவெளியே இல்லாம அடைங்க.

பணம் வர்ற இடத்துல உஷார்

பணம் வாங்க கியூ.ஆர் ஸ்கேன் பண்ணவோ, யு.பி.ஐ பின் போடவோ தேவையே இல்லை. அப்படிக் கேட்டா மோசடி. ஏமாந்துட்டா உடனே 1930-க்கு அடிங்க.

இன்னொண்ணு. பொருள் மாடியில கிடந்தாலும், அது உங்க ஒருத்தருக்கே சொந்தம் இல்லை. அப்பா உயில் எழுதாம இறந்திருந்தா, 1956-ம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, அக்கா, தங்கச்சி எல்லாருக்கும் சம பங்கு. அப்பாவைப் பெத்த ஆத்தா இருந்தா அவங்களுக்கும்தான். கேட்டுட்டு வில்லுங்க.

மெக்கானிக் சரிபண்ணிக் கொடுத்ததும், பார்ட்டிக்கு போன் போடுறதுக்கு முன்னாடி, அம்மாவை உட்கார வெச்சு ஒரு பாட்டுப் போடுங்க. 'இதை வைடா'னு அவங்க சொன்னா, விக்காமலே விட்டுடலாம்!