பொன் புவேனும் ஸ்கின்னரும்

போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது பழைய தகர டப்பாவில் ஒரு சின்ன அட்டை கிடைத்தது. 'பொன் புவேன்'! பிரெஞ்சுப் பள்ளியில் படித்த நம்மூர்க்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பொன் என்றாலும் தங்கமில்லை, நல்ல மதிப்பெண். பாடத்தைச் சரியாக ஒப்பித்தால் ஓர் அட்டை, பத்து அட்டை சேர்ந்தால் ஒரு வண்ணப்படம். அந்தப் படத்துக்காகத் தூக்கத்திலும் வாய்ப்பாடு சொன்னவன் நான். (படம் கைக்கு வந்ததும் பாதி வாய்ப்பாடு மறந்துபோனது வேறு கதை.)

அமெரிக்காவில் இதையே ஒரு சாஸ்திரமாக்கினார்கள். 1898இல் தார்ன்டைக் என்பவர் பசித்த பூனைகளைப் பெட்டிக்குள் அடைத்து, அவை தாழ்ப்பாளைத் திறந்து வெளியே வர எத்தனை நேரமாகிறது என்று கணக்கெடுத்தார். நல்ல பலன் தந்த செயல் நிலைக்கும், தராதது உதிர்ந்துவிடும் என்பது அவர் முடிவு. பிறகு வந்த ஸ்கின்னர் எலியையும் புறாவையும் வைத்து அதை இன்னும் நுணுக்கமாக ஆராய்ந்தார்.

1953 நவம்பர் 11. மாசசூசெட்ஸ் மாநிலம் கேம்பிரிட்ஜில் அவருடைய இளைய மகள் நாலாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். தகப்பன்மார் வந்து வகுப்பைப் பார்க்கும் நாள். ஹார்வர்டு பேராசிரியர் பின்னால் உட்கார்ந்து கணக்குப் பாடத்தைக் கவனித்தார். சில பிள்ளைகள் முடித்துவிட்டு நெளிகிறார்கள், சிலர் திணறுகிறார்கள். தாள்களை வாங்கிக்கொண்டு போய்த் திருத்தி அடுத்த நாள்தான் கொடுப்பார்கள். புறாவுக்குக்கூடச் செய்தது சரி என்று அந்தக் கணமே தெரிகிறதே, பிள்ளைக்குத் தெரியவில்லையே என்று அவருக்கு ஆதங்கம். சில நாளிலேயே ஒரு கற்பிக்கும் இயந்திரம் செய்தார். கணக்கு ஒன்று தெரியும், விடையை நகர்த்தி வைக்க வேண்டும், சரியாக இருந்தால்தான் அடுத்தது வரும். ஒவ்வொரு பிள்ளையும் அதனதன் வேகத்தில் போகலாம். ஓஹையோவில் பிரெஸ்ஸி என்பவர் 1920களிலேயே இப்படி ஒன்று செய்திருந்தார். இரண்டுமே வியாபாரத்தில் தேறவில்லை.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. என் மகன் சின்னவனாக இருந்தபோது ஆபீஸ் முடிந்து ஏழு மணிக்கு மேல் வந்துதான் அவன் நோட்டைப் பார்ப்பேன். முதல் கணக்கில் செய்த தப்பையே முப்பது கணக்கிலும் செய்திருப்பான். முப்பதுக்கும் சேர்த்து அடி. முதல் கணக்கிலேயே யாராவது சொல்லியிருந்தால் மற்ற இருபத்தொன்பதும் சரியாகியிருக்கும். ஸ்கின்னர் அடியை ஏற்காதவர். அது தப்பைக் கொஞ்ச நேரம் அடக்கி வைக்கும், சரியானதைச் சொல்லித்தராது என்றார்.

இப்போது பேரன் செல்போனில் கணக்குப் போடுகிறான். சரியானால் உடனே ஒரு நட்சத்திரம் குதிக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகனிடம் அந்த அட்டையைக் காட்டி விவரம் சொன்னேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எனக்கு ஒண்ணுகூடக் குடுக்கலியேப்பா" என்று சிரித்தான்.