ஆக்ஸ்போர்டில் ஒரு மாலை நடை

இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நகரை மாலையில் நடந்து பார்க்க நினைப்பவர்கள் கார்ஃபாக்ஸ் நாற்சந்தியில் இருந்து தொடங்கலாம். அங்கே ஒரு கட்டிடச் சுவரில் ஸ்விண்டில்ஸ்டாக் என்ற பழைய மதுக்கடையின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. கடை இருந்ததற்கு அது ஒன்றுதான் அடையாளம்.

1355 பிப்ரவரி 10. ஒயின் மட்டமாக இருக்கிறது என்று அந்தக் கடையில் மாணவர்கள் சிலர் தகராறு செய்தார்கள். வாய்ச்சண்டை கைகலப்பானது. ஊர்க்காரர்களைத் திரட்ட செயின்ட் மார்ட்டின் தேவாலய மணி அடித்தது. மாணவர்களைத் திரட்ட செயின்ட் மேரி தேவாலய மணி அடித்தது. கலவரம் மூன்று நாள் நீடித்தது. மாணவர் தரப்பில் 63 பேரும், ஊர்த் தரப்பில் சுமார் 30 பேரும் இறந்ததாகச் சொல்வார்கள்.

மன்னர் மூன்றாம் எட்வர்ட் பல்கலைக்கழகத்தின் பக்கம் நின்றார். ரொட்டி, பீர் விலையையும் சந்தையின் எடை, அளவுகளையும் கண்காணிக்கும் அதிகாரம் பல்கலைக்கழகத்தின் கைக்குப் போனது. சொந்த ஊர்ச் சந்தையில் ஊருக்கே அதிகாரம் இல்லை! அதோடும் முடியவில்லை. மேயரும் நகரப் பிரமுகர்களும் வருடாவருடம் அதே தேதியில் செயின்ட் மேரிக்குப் போய், ஆளுக்கு ஒரு பென்னி காணிக்கை வைக்க வேண்டும். இந்தச் சடங்கு 1825 வரை நீடித்தது. 1955ல்தான் பல்கலைக்கழகம் மேயருக்கு கௌரவப் பட்டம் கொடுத்து சமாதானம் ஆனது.

இன்று செயின்ட் மார்ட்டினில் கோபுரம் மட்டும் நிற்கிறது. அங்கிருந்து ஹை ஸ்ட்ரீட் வழியாக செயின்ட் மேரிக்குச் சில நிமிட நடைதான். ஒரு பென்னி பெரிய தொகை அல்ல. ஊரே பார்க்க அந்தத் தெருவில் நடந்து போனதுதான் உண்மையான அபராதம்.