பூனைக்காலி விதையும் ஹோமோவனிலிக் அமிலமும்: ஓர் அளவுகோல் உருவான வரலாறு

பாலக்காடு, இடுக்கி எல்லை தொடங்கித் தமிழகச் சமவெளி வரை புதர்களில் படரும் கொடி பூனைக்காலி. காயின் மேலுள்ள பொன்னிறச் சுணை பட்டால் உடம்பெல்லாம் அரிக்கும். பின்னாளில் பார்க்கின்சன் நோய்க்கு மருந்தான எல்-டோபாவை இதன் விதையிலிருந்து பிரித்தெடுத்த செய்தியை 1937இல் ‘பயோகெமிக்கல் ஜர்னல்’ இதழில் வெளியிட்டவர்கள், சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த எம். தாமோதரனும் ஆர். ராமசாமியும். மூளையில் செய்தி கடத்தும் வேதிப்பொருளான டோபமைனின் வரலாற்றை எழுதுவோர் இந்தக் கட்டுரையை அநேகமாகக் கண்டுகொள்வதில்லை. அது பெருங்குறை.

1913இல் மார்க்கஸ் குக்கன்ஹைம் அவரை இனத்துப் பயறொன்றிலிருந்து இதே பொருளைப் பிரித்தார். 2.5 கிராமைத் தாமே விழுங்கிக் கடுமையாக வாந்தியெடுத்தார். அதன்பின் எல்-டோபாவைப் பயனற்றதென்றே பலரும் கருதினர். உடலிலுள்ள நொதி அதை டோபமைனாக மாற்றுவதை பீட்டர் ஹோல்ட்ஸ் கண்டறிந்தது 1938இல்தான். ஆகவே சென்னை ஆய்வாளர்கள் மருந்தைத் தேடவில்லை. ஒரு தாவரத்தின் வேதியியலைத் தேடினார்கள். விதை எடையில் 4 முதல் 6 சதவீதம் வரை எல்-டோபா இருப்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டியபோது அந்தத் தேடலின் மதிப்பு கூடியது.

எல்-டோபா மருந்தாவதற்கு ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. வேலை முடிந்த டோபமைனை இரண்டு நொதிகள் சிதைக்கின்றன. ஒன்று மோனோஅமைன் ஆக்சிடேஸ். மற்றது 1950களின் இறுதியில் ஜூலியஸ் ஆக்ஸல்ராட் கண்டறிந்த காம்ட். இவ்விரண்டும் முடித்துவைக்கும்போது எஞ்சுவது ஹோமோவனிலிக் அமிலம். 1960இல் எரிங்கர், ஹார்னிகீவிக்ஸ் என்ற ஆய்வாளர்கள் பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் டோபமைன் குறைந்திருப்பதைக் காட்டினார்கள். ஆனால் அவை இறந்தவர்களின் மூளைகள். உயிரோடிருப்பவரிடம் டோபமைன் நிலையை எப்படி அறிவது? முதுகுத்தண்டில் ஊசியிட்டு எடுக்கும் மூளைத் தண்டுவட நீரில் ஹோமோவனிலிக் அமிலம் என்ற இந்தக் கழிவை அளப்பதே கிடைத்த வழி. நோயாளிகளிடம் அது குறைவாக இருந்தது. 1967இல் ஜார்ஜ் கோட்ஸியாஸ் அதிக அளவில் டோபா கொடுத்து நோயாளிகளை நடக்கவைத்த பிறகு, எல்-டோபா சிகிச்சையில் அந்த அளவு உயர்வதும் பதிவானது.

சிறுநீரை இந்த அளவுக்கு நம்ப முடியாது. விழுங்கும் எல்-டோபாவின் பெரும்பகுதி மூளையை எட்டுமுன்பே, குடலிலும் இரத்தத்திலும் டோபமைனாகிவிடுகிறது. அதைத் தடுக்கத்தான் கார்பிடோபா சேர்க்கப்படுகிறது. நாட்டு மருந்துக்கடையில் வாங்கிய பூனைக்காலிப் பொடியைச் சாப்பிட்டவரின் சிறுநீரிலும் ஹோமோவனிலிக் அமிலம் கூடும். அதைக்கொண்டு அவர் மூளையைப் பற்றி எதுவும் சொல்லிவிட முடியாது.

இன்று இந்த அமிலம், 182.17 மூலக்கூறு எடையுள்ள தூளாகச் சிறு குப்பிகளில் விற்கப்படுகிறது. அளவறிந்த இந்தத் தூளின் கரைசலை முதலில் நிறப்பகுப்புக் கருவியில் செலுத்துவார்கள். திரையில் எழும் முகட்டோடு நோயாளியின் மாதிரி தரும் முகட்டை ஒப்பிட்டு அளவைக் கணிப்பார்கள். 1960களின் இறுதியில் இதற்கு இன்னொரு பயனும் பிறந்தது. ஹைட்ரஜன் பெராக்சைடும் பெராக்சிடேஸ் நொதியும் சேர்ந்தால் ஹோமோவனிலிக் அமில மூலக்கூறுகள் இரண்டிரண்டாய் இணைந்து ஒளிரும். மிக நுண்ணிய அளவு பெராக்சைடையும் அந்த ஒளிர்வைக்கொண்டு அளந்துவிடலாம்.

மூளையைப் பற்றி அறியச் சிறுநீர் உதவாவிட்டாலும், குழந்தைகளைத் தாக்கும் நியூரோபிளாஸ்டோமா கட்டியை அறியச் சிறுநீரில் ஹோமோவனிலிக் அமிலத்தை அளக்கிறார்கள். ஜப்பான் 1980களின் நடுவில், ஆறு மாதக் குழந்தைகள் அனைவருக்கும் இச்சோதனையை நாடு முழுவதும் கொண்டுவந்தது. கண்டுபிடிக்கப்பட்ட கட்டிகளில் பல தாமாகவே சுருங்கிவிடக்கூடியவை. அவற்றுக்காகச் சிசுக்கள் தேவையற்ற அறுவையையும் கடும் மருந்துகளையும் தாங்க வேண்டியிருந்தது. கனடாவிலும் ஜெர்மனியிலும் நடந்த ஆய்வுகள், இத்தகைய சோதனையால் இறப்பு குறையவில்லை என்று 2002இல் காட்டின. 2004இல் ஜப்பான் திட்டத்தை நிறுத்தியது.