ஒரு ‘ம’ வந்த வழி

‘அம்மா’ என்று எழுதத் தமிழ்99 விசைப்பலகையில் நான்கு தட்டல்கள் போதும்: அ, ம, ம, ஆ. அவற்றில் மூன்றாவது தட்டலின் கதை இது.

விரல் அழுத்தியதும் விசைக்கு அடியில் இரு முனைகள் தொட்டுக்கொள்கின்றன. தொட்ட கையோடு ஒட்டிவிடுவதில்லை. சில மில்லி நொடிகள் துள்ளி அடங்குகின்றன. விசைப்பலகைக்குள் இருக்கும் சிறு சில்லு அதுவரை பொறுத்திருந்து, எந்த வரிசையும் எந்த நெடுவரிசையும் சந்தித்தன என்று பார்த்து 14 என்று குறித்துக்கொள்கிறது. யூஎஸ்பி விதிப்படி ஆங்கில ‘கே’ விசைக்கான எண் அது. அது ‘ம’ என்று சில்லுக்குத் தெரியாது.

யூஎஸ்பியில் விசைப்பலகை தானாக வாய் திறக்க முடியாது. கணினி கேட்க வேண்டும். பல விசைப்பலகைகளிடம் நொடிக்கு 125 முறை கேட்கிறது. அடுத்த கேள்விக்கு விடையாக, எட்டு பைட் அறிக்கை ஒன்றில் ஏறி 14 புறப்படுகிறது. அது வந்து சேர்ந்த செய்தி, கணினியின் மையச் செயலி பார்த்துக்கொண்டிருக்கும் வேலையை ஒரு கணம் நிறுத்துகிறது.

லினக்ஸ் கணினியானால், இயங்குதளத்தின் கருவான கெர்னல் அந்த 14-ஐ வாங்கி 37 என்று மாற்றி எழுதுகிறது. கூடவே நேரத்தையும் பதிகிறது. விசை அழுத்தப்பட்டதற்கு 1, விட்டதற்கு 0. மவுஸின் நகர்வும் தொடுதிரையில் விரல் படுவதும் இதே வடிவப் பதிவுகளாகத்தான் மேலே போகின்றன. எந்தச் சாளரத்தில் நாம் எழுதுகிறோம் என்று அறிந்த மென்பொருள் அந்தப் பதிவை அங்கே அனுப்புகிறது.

வழியில் தமிழ்99 உள்ளீட்டு மென்பொருள் நிற்கிறது. இங்கேதான் அந்த எண் ‘ம’ ஆகிறது. முந்தைய தட்டலும் ‘ம’ என்பதால் அதற்குப் புள்ளி வைக்கிறது. அடுத்து ‘ஆ’ வந்ததும் நம் ‘ம’ துணைக்கால் பெறுகிறது. நான்கு தட்டல்கள், நினைவகத்தில் ஐந்து யூனிகோடு குறிகள், திரையில் மூன்று எழுத்துகள்.

தட்டச்சுப் பொறியில் எழுத்தை உலோகத்திலேயே வார்த்திருந்தார்கள். தமிழுக்கெனத் தனிப் பொறியே செய்ய வேண்டியிருந்தது. கணினியிலோ விசைப்பலகையும் கெர்னலும் விசையின் இடத்தை மட்டுமே சுமந்து வந்து, எழுத்தை முடிவு செய்யும் உரிமையை மேலே விட்டுவைக்கின்றன. 1999-இல் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய தமிழ்99 அமைப்பு, ஆங்கிலம் மட்டுமே அச்சிட்ட விசைப்பலகையிலும் இன்று இயங்குவது இடத்துக்கும் எழுத்துக்கும் இடையே உள்ள அந்த இடைவெளியால்தான்.